கால் பேசாத மான்

ஒரு காட்டில் மூடுபனி மேலிருந்து இறங்காது, தரையிலிருந்து முளைக்கும். ஐப்பசியில் குளம்பளவு இருக்கும். கார்த்திகையில் முழங்காலைத் தொடும். மார்கழியில் காதை மூடும். நம்பாதவர்கள் போய் நின்று பார்க்கலாம். நின்று பார்த்தவர் யாரும் திரும்பி வந்து "அது பொய்" என்று சொன்னதில்லை.

பனி காதை மூடும் நாளில் செந்நாய்கள் வரும். அவை குரைக்காது, பிள்ளைகளே. சீட்டியடிக்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் மான்.

தப்ப ஒரே வழிதான். ஏழு மேடு ஏறி உச்சித் திட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே காட்டெருமைக் கூட்டம் நிற்கும். செந்நாய் அங்கே மூக்கை நீட்டாது.

அதனால் மழை விட்டதும் மான்களெல்லாம் மேடேறிப் பழகும். ஓடி முடித்ததும் தொடைக்குள் தணலை அள்ளிக் கொட்டினாற்போல் எரியும். "கால் பேசுது" என்பார்கள் அதற்கு. கால் பேசும்போது ஓடையில் இறங்காமல், எரிய விட்டு, அசையாமல் நின்று கேட்பது அந்தக் காட்டு வழக்கம். என்ன பேசுகிறது என்று எந்த மானுக்கும் தெரியாது. ஆனாலும் கேட்கும்.

மின்னி என்ற புள்ளிமான் சொகுசுக்காரி. அவளுக்கு இந்த நிற்பது, கேட்பது எதுவும் பிடிக்கவில்லை. அவளோடு ஓடியவன் கட்டையன் என்ற கடமான். அவன் பிடிவாதக்காரன்.

"ஏன்டா கட்டையா, உனக்கு எரியலையா?"

"எரியுது. போன வாரம் மூணாவது மேட்டுலயே எரிஞ்சது. இப்ப நாலாவதுல."

"அதுக்கு இப்படி அடிமரம் மாதிரி நிக்கணுமா?"

"பேசிக்கிட்டிருக்கு. பேசி முடிக்கட்டும்."

மின்னி முகத்தைச் சுளித்துக்கொண்டு தனியே நடந்தாள். மூன்றாம் மேட்டில் பகலிலும் இருண்டு கிடக்கும் ஒரு நெல்லி மரம். அதன் பொந்துக்குள் இரண்டு கண்கள் திறந்தன. வட்டக் கண்கள், இமைக்காத கண்கள். தேவாங்கு.

"எரியுதா, கண்ணு?" என்றது, வெண்ணெய் போன்ற குரலில்.

"உயிர் போகுது."

"ஒண்ணு ரெண்டு நெல்லிக்காய் எல்லாரும் தின்னுறதுதான். இந்தப் பொந்துல நான் சேர்த்து வச்சிருக்கிறது நூறு காயோட சாறு. ஓடினதும் ஒரு மடக்கு குடி. கால் வாயை மூடிக்கும்."

"உனக்கு நான் என்ன தரணும்?"

"நான் வண்டு தின்னுறவன். மான்கிட்ட எனக்கென்ன கிடைக்கப்போகுது?"

மின்னி குடித்தாள். தொடைக்குள் தணல் 'சுர்' என்று அவிந்தது. கால் பேச்சை நிறுத்தியது.

அன்று முதல் ஓடுவாள், குடிப்பாள், துள்ளிக்கொண்டு வீடு போவாள். கட்டையன் மட்டும் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

"இன்னுமா முடியலை உன் காலோட கதை?" என்று சீண்டுவாள்.

"மின்னி, உன் பக்கத்துல நின்னா சில்லுனு இருக்கு. உன் கால் எதுவுமே சொல்ல மாட்டேங்குது."

"அது பொறாமைடா."

கட்டையனுக்கு எரிச்சல் ஐந்தாம் மேட்டுக்குப் போயிற்று, பிறகு ஆறாம் மேட்டுக்கு. மின்னிக்கு அதே மூன்றாம் மேடு. அவள் அதைக் கவனிக்கவில்லை. அணைக்கத்தான் சாறு இருக்கிறதே.

அவள் போகிற வழியில் சில்வண்டுகள்கூட ஒவ்வொன்றாக வாய் மூடிக்கொண்டன. அதையும் அவள் கவனிக்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை, பனி காதை மூடியது. இந்தப் பக்கம் ஒரு சீட்டி. அந்தப் பக்கம் ஒரு சீட்டி.

இருவரும் பாய்ந்தார்கள். முதல் மேடு, இரண்டாம் மேடு. மூன்றாம் மேட்டில் மின்னியின் தொடை பற்றிக்கொண்டது. முதல் நாள் எரிந்த அதே இடம், அதே எரிச்சல்.

"வா மின்னி, நிக்காதே" என்ற கட்டையனின் குரல் மேலே மேலே போய்ப் பனியில் கரைந்தது.

நெல்லி மரத்தில் தேவாங்கு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு மடக்கு கொடு, சீக்கிரம்."

"குடி, கண்ணு. நிறைய இருக்கு."

குடித்தாள். எரிச்சல் அவிந்தது. காலைத் தூக்கினாள். கால் வரவில்லை.

"எரியலை. ஆனா ஓட வரலையே."

"எரிச்சலை நிறுத்துறேன்னுதானே சொன்னேன்? ஓட வைக்கிறேன்னு எப்ப சொன்னேன்?"

மின்னி தன் காலையே கூப்பிட்டுப் பார்த்தாள். 'பேசு' என்றாள். எதுவும் கேட்கவில்லை. சீட்டி மட்டும் கேட்டது, இரண்டு பக்கமும், கிட்டத்தில்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"அன்னிக்கே சொன்னேனே, வண்டுன்னு. வண்டு எதைத் தேடி வரும்னு நீதான் கேட்கலை."

உச்சித் திட்டில், காட்டெருமைகளுக்கு நடுவே கட்டையன் நின்றான். அவன் கால் பேசிக்கொண்டிருந்தது. கீழே சீட்டிச் சத்தம் சட்டென்று நின்றது.

மூன்றாம் நாள், மூன்றாம் மேட்டில், வெள்ளை எலும்புகள் மேல் கறுப்பு வண்டுகள் மொய்த்தன. தேவாங்கு கிளையை விட்டு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கியது. அதற்கு எந்த அவசரமும் இல்லை.

நீதி: உழைத்த உடம்பில் எழும் தணலை அவசரப்பட்டு அணைப்பவர், அதில் வெந்து உரமேற வேண்டிய வலிமையையும் சேர்த்தே அணைக்கிறார்.