பூட்டிய கேட்டில் தொங்கிய பிடியரிசி

மஸ்கட் நகரத்து வணிக வளாகம் ஒன்றில் கழிப்பறைத் தரையைத் துடைக்கும் வேலை செய்து வந்தார் ஞானப்பூ அம்மாள். நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவருடையது. கணவர் போன பிறகு மகளைப் படிக்க வைப்பதற்காகக் கடல் கடந்து வந்தவர்.

துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் யாராவது செருப்புக் காலோடு உள்ளே வருவார்கள். ஈரத்தில் தடம் விழும். ஆரம்பத்தில் அதைப் பார்த்தாலே அம்மாளுக்கு அழுகை முட்டும். ஒரு நாள், சீஷர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவர் நினைவுக்கு வந்தார். "அவரு காலையே கழுவுனாரு. எனக்குக் கால் பட்ட தரையத்தான குடுத்திருக்காரு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அன்று முதல், தடம் விழுந்தால் தடத்துக்கு உரியவருக்காக ஒரு சின்ன ஜெபம் செய்தபடியே துடைப்பார். கூட்டம் பெருகிய நாள்களில் ஜெபமும் பெருகியது.

எரிச்சலூட்ட அந்த ஊரில் இன்னும் எவ்வளவோ இருந்தன. வேலையாட்களுக்கான லிஃப்ட் பாதி நாள் ஓடாது. வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, சிலுவை சுமந்தவரை நினைத்துக்கொள்வார். கம்பெனி பஸ் கண்ணெதிரே போய்விட்டால், அடுத்த பஸ் வரும் வரைக்கும் ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். எல்லா நாளும் இப்படி முடிந்ததென்று சொல்ல முடியாது. சில நாள் பஸ்காரரைத் திட்டிவிட்டு, பிறகு அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

அவர் விடாமல் செய்துவந்த காரியம் ஒன்று உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனியே வைப்பார். அது கோயிலுக்கு. அவர் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அப்படிச் சேர்ந்த அரிசியையெல்லாம் ஒன்றாகப் பொங்கி, ஆட்டுக்கறிக் குழம்போடு சபையார் அனைவரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் நாளுக்கு அசனம் என்று பெயர். மஸ்கட் தமிழ்ச் சபையிலும் வருடத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, தம் பிடியரிசியும் அந்த உலையில் விழ வேண்டும் என்பதே அம்மாளின் ஒரே ஆசையாக இருந்தது. வண்டு விழாமலிருக்க அரிசிக்குள் வற்றல் மிளகாய் போட்டு வைத்தார்.

அவரோடு அறையில் இருந்த பண்ருட்டிக்காரி கனகவல்லிக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏங்க்கா, உங்க சாமிக்கு வத்தக் கொழம்பு புடிக்குமா? இவ்ளோ மொளகா போடுற?"

"வண்டு திங்கக் கூடாதுன்னு போடுதேன் தாயி."

"எல்லாரும் ஊருக்குத் தங்கம் சேர்க்குறாங்க. நீ அரிசி சேர்க்குற. நல்லா வருவ போ!"

வந்த முதல் வருடம், சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஞாயிற்றுக்கிழமை விடுப்பு வாங்கினார் அம்மாள். வெளுத்த சேலை உடுத்தி, அரிசிப் பையோடு இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போனார். கேட் பூட்டியிருந்தது. வழியே போன ஒருவர்தான் சொன்னார், அந்த நாட்டில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை, சபைகள் கூடுவதும் அன்றைக்குத்தான் என்று. பிறந்தது முதல் ஞாயிற்றுக்கிழமையே கோயிலுக்குப் போன கால்கள். ஊர் மாறினால் ஓய்வுநாளும் மாறும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அசனம் அந்த வாரம்தான். ஆனால் இரண்டு நாள் முன்னதாகவே முடிந்துபோயிருந்தது.

ஆண்டவருக்கென்று எடுத்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. பையைக் கேட்டின் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பூட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

கனகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். "போயும் போயும் உங்க சாமி லீவுல இருக்குற நாளாப் பாத்துப் போயிருக்கியே!"

அம்மாளும் சேர்ந்து சிரித்தார். ஆனால் உள்ளுக்குள், நாம் கொண்டுபோனது அவருக்கு வேண்டாமோ என்ற நினைப்பு முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்.

வணிக வளாகத்தில் வெள்ளிக்கிழமைதான் கூட்டம் அதிகம். அன்று விடுப்புக் கேட்டபோதெல்லாம் சூப்பர்வைசர் கையை விரித்தார். அடுத்த அசனம் வந்தபோது எப்படியோ மனம் இரங்கினார். மூடி போட்ட வாளி நிறைய அரிசியோடு அம்மாள் புறப்பட்டார். அன்று விடுப்பிலிருந்த கனகவல்லியும், "கறிச்சோறு உண்டுதான? நானும் வரேன்" என்று கூடவே ஏறிக்கொண்டாள்.

பாதி வழியில் வானம் கறுத்தது. மழையே காணாத அந்தப் பூமியில் மழை கொட்டியது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர், வறண்டு கிடந்த பள்ளத்தில் ஆறாய்ப் புரண்டு ரோட்டை மறித்தது. பஸ் நின்றது. பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. மழை விட்ட பிறகும் வெள்ளம் வடியவில்லை.

"க்யா கரேகா அம்மா, பானி பஹுத்" என்று, தண்ணீர் அதிகம், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதாய்க் கையை உதறினார் பட்டாணிய ஓட்டுநர்.

அம்மாள் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயில் அக்கரையில். இந்நேரம் உலை வைத்திருப்பார்கள். இந்த முறை ஜெபமும் வரவில்லை. "ஆண்டவரே, பூட்டுப் போட்டீரு. இப்போ வெள்ளத்த விட்டுட்டீரு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்புடும்" என்று மட்டும் சொன்னார். கனகவல்லி அன்று சிரிக்கவில்லை. அம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

உச்சிப்பொழுது தாண்டியது. பஸ்ஸில் பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கினர். அக்கம்பக்கத்தில் டயர்க் கடை ஒன்றைத் தவிர வேறு கடை இல்லை. கீழே இறங்கிய கனகவல்லி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, பின்னாடி ஒரு வேன் நிக்குது. கறிக் கொழம்பு வாசன ஊரையே தூக்குது. வெள்ள அங்கி போட்ட ஒருத்தரு நம்ம தமிழ்ல பேசறாரு!"

அவர் தமிழ்ச் சபையின் போதகர், தயாபரன் ஐயர். சமையல்காரர் வீட்டில் வைத்த அசனக் குழம்பைக் கோயிலுக்கு எடுத்துப் போகிற வழியில் மாட்டிக்கொண்டிருந்தார். குழம்பு இருந்தது, அடுப்பு இருந்தது, பெரிய அண்டாவும் இருந்தது.

"சோத்துக்கு அரிசி முன்னாலேயே அக்கரைக்குப் போயிட்டும்மா. இங்க வெறும் குழம்ப வச்சிக்கிட்டு இந்தப் பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்க?" என்றார் ஐயர்.

அம்மாளின் கை வாளியின் மூடியை அழுத்திப் பிடித்தது. அழுகிற பிள்ளைகளைப் பார்த்தார், அக்கரையைப் பார்த்தார்.

"ஐயரே, எங்கிட்ட அரிசி இருக்கு. ஆனா கோயிலுக்குன்னு எடுத்து வச்சது. கோயில் வாசல மிதிக்கதுக்கு முந்தி உலையில போடலாமா?"

ஐயர் மூடியைத் திறந்தார். வெள்ளை அரிசியின் நடுவே சிவப்பாய் வற்றல் மிளகாய்கள் கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன வருஷம் கேட்டுல அரிசியத் தொங்க விட்டுட்டுப் போனது நீங்களாம்மா?"

அம்மாள் பயந்துபோனார். "தப்பா ஐயரே? ஞாயித்துக்கெழமைன்னு நெனச்சி வந்துட்டேன்."

"அதுக்குள்ளயும் இந்த வத்தல் கெடந்துச்சி. எங்க அம்மையும் இப்பிடித்தான் போடுவா. நம்ம பக்கத்து ஆளு யாரோ பூட்டின வாசல்ல நின்னுட்டுப் போயிருக்கான்னு மனசு ஆறல. அந்த அரிசியப் பொங்கி சபைக்கெல்லாம் குடுத்தோம். அந்தத் தாய ஒரு தடவ காட்டும் ஆண்டவரேன்னு இன்னிக்குக் காலையிலயும் ஜெபிச்சேன்." ஐயர் அண்டாவைத் தூக்கி அடுப்பில் ஏற்றினார். "கோயிலு அங்கதான் இருக்குன்னு நெனைக்காதீங்க. உலைய வைங்க."

அம்மாளின் நெஞ்சில் ஒரு வருடமாய்த் தைத்திருந்த முள் அந்த நிமிடமே கழன்று விழுந்தது. அவர் கொண்டுபோனது தள்ளப்படவில்லை. பூட்டிய கேட்டிலிருந்தே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது.

டயர்க் கடைக்காரர் தண்ணீர் கேன்களைத் தூக்கி வந்தார். கனகவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிளகாய் பொறுக்கினாள். ஓட்டுநர் குழம்பை எட்டிப் பார்த்து, "ஹலால்?" என்றார். "ஹலால், ஹலால்" என்று ஐயர் சிரிக்க, அவரும் வரிசையில் முதலாவதாய்ப் போய் உட்கார்ந்தார். பஸ்காரர், லாரிக்காரர், பிலிப்பைன் நர்சு, கைப்பிள்ளைக்காரி எல்லாரும் ரோட்டோரத்தில் ஒரே பந்தியாய் அமர்ந்தார்கள். ஈர மண்ணில் அத்தனை பேரின் காலடித் தடங்களும் பதிந்திருந்தன.

"நீங்க உக்காருங்கம்மா, நான் போடுதேன்" என்றார் ஐயர்.

"எல்லாரும் சாப்பிடட்டும் ஐயரே. எனக்கு வயிறு நெறஞ்சிட்டு" என்று அம்மாள் கரண்டியைக் கொடுக்க மறுத்தார்.

கடைசியில் கனகவல்லி ஒரு கவளத்தை உருட்டி அம்மாளின் வாயில் திணித்தாள். "சும்மா சொல்லக் கூடாதுக்கா, உங்க சாமிக்கு நாக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். அம்மாள் சிரித்தார். கண்ணீரும் வந்தது, புரையும் ஏறியது.

வெயில் சாயும் வேளையில் வெள்ளம் வடிந்தது. காலி வாளியோடு பஸ் ஏறிய ஞானப்பூ அம்மாள், சன்னலில் தலை சாய்த்து நிம்மதியாகத் தூங்கிப்போனார். மறுநாளும் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைத்தார். பக்கத்தில் கனகவல்லியும் கையை நீட்டித் தன் பங்குக்கு ஒரு பிடி போட்டாள்.

வாசல் பூட்டியிருந்த நாளிலும் காணிக்கையைத் திருப்பிக் கொண்டுபோகாத அந்தத் தாயின் கைப்பிடி வாழ்க. அதை நடுரோட்டில் நின்று வாங்கிக்கொண்டவருக்கே மகிமை.