ஜெமிமா இருக்கும் இடம்

அதிசயத்துக்கு அறுபத்திரண்டு வயது. ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் ஒரு புகாரும் இல்லாமல் வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு, ஆயருக்குத் துணையாக நிற்கும் உபதேசியார் ஊழியம் கற்றுக்கொள்கிறேன் என்று சபையின் ஆயர் ரூபவதியிடம் வந்து சேர்ந்தார். ஆயர் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் ஆயரிடம் வந்து நின்றார்.

"அம்மா, ஒருத்தன் ஒரு தப்பு பண்ணிட்டான். வெளியில யாருக்கும் தெரியாது. சொன்னா ஒரு தாயோட மனசு உடைஞ்சுபோகும். சொல்லாம விட்டா அவன் தூக்கம்தான் கெடும். எது சரி?"

ஆயர் எழுதிக்கொண்டிருந்ததை மூடி வைத்தார்.

"எந்தத் தாய்?"

"சொர்ணபாய்."

நகரத்துக் கல்லறைத் தோட்டங்களில் இடம் தீர்ந்துபோனதால், அந்தச் சபையிலும் பலர் இறந்தவர்களைத் தகனம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். கோயிலின் தென்புறம் அவர்களுக்காக ஒரு சின்ன நினைவுத் தோட்டம் இருந்தது. கலசத்தைப் புதைப்பதில்லை. சாம்பலை மட்டும் குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள்.

போன வருடம் ஒரே நாளில் இரண்டு பேருக்கு அடக்கம். ஒருவர் வேதமாணிக்கம் வாத்தியார், எண்பத்தோரு வயது. இன்னொருத்தி சொர்ணபாயின் மகள் ஜெமிமா. முந்தின நாளே இரண்டு கலசங்களையும் கோயிலில் கொடுத்திருந்தார்கள். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய மண் கலசங்கள். அன்றைக்கு அடைமழை. குடும்பத்தார் குடை பிடித்து நிற்க, அதிசயம்தான் கலசங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். வரும் வழியிலேயே பெயர் ஒட்டியிருந்த காகிதங்கள் இரண்டும் நனைந்து விழுந்துவிட்டன. எது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றை இந்தக் குழியிலும் மற்றதை அந்தக் குழியிலும் கொட்டிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை தவறாம அந்தம்மா வந்து உட்கார்ந்து மண்ணைத் தடவிப் பேசறாங்க. மக அங்கதான் இருக்கான்னு எனக்கு நிச்சயமில்லையேம்மா. சொல்லிடட்டுமா?"

"ஜெமிமாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"பத்தொன்பது வயசு. டெங்குக் காய்ச்சல்."

"அப்புறம்?"

அதிசயம் யோசித்துப் பார்த்தார். வேறொன்றும் தெரியவில்லை.

"இப்பப் போனீங்கன்னா உங்க தப்பைப் பத்தித்தான் பேசுவீங்க," என்றார் ஆயர். "முதல்ல அந்தப் பிள்ளையைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதிசயம் தோட்டத்துக்குப் போனார். சொர்ணபாய் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். மகளைப் பற்றி அவர் கேட்டதும் அவளுக்கு ஆச்சரியம். ஒரு வருடமாக யாரும் கேட்டதில்லை. எல்லாரும் ஆறுதல்தான் சொன்னார்கள்.

ஐந்து ஞாயிறுகளில் அவருக்குக் கொஞ்சம் தெரியவந்தது. பாடகர் குழுவில் அவ்வளவு பாடுகிறவள் வீட்டில் வாயே திறக்க மாட்டாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் இல்லையென்றால் ஏற மாட்டாள். அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், "அம்மா, என் மூக்குக்கண்ணாடி" என்று கேட்டாள்.

"நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்டின்னு சொன்னேன் ஐயா," என்றாள் சொர்ணபாய். "எடுத்துட்டுப் போனேன். கண்ணைத் திறக்கவே இல்ல."

அன்று அதிசயம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஆறாவது ஞாயிறு சொல்லிவிட்டார். மழை, நனைந்த காகிதம், கொட்டியது, எல்லாவற்றையும்.

சொர்ணபாய் மண்ணிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப ஒரு வருஷமா நான் யாரோடயோ பேசிட்டிருந்தேனா?"

"அப்படியும் இல்லம்மா. இது சரியான இடமாவும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

"தெரியலைன்னு சொல்றதுக்கா அஞ்சு வாரம் என் பிள்ளையைப் பத்திக் கேட்டீங்க?"

அவள் பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வேதமாணிக்கம் வாத்தியாரின் மகன் ஓசூரில் இருந்தார். அதிசயம் அவருக்கும் போன் செய்து சொன்னார். "பரவாயில்ல ஐயா. அப்பாவுக்குப் பிள்ளைங்கன்னா உயிர்," என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

சொர்ணபாய் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும், அதற்கடுத்ததும் வரவில்லை. வீட்டுக்குப் போனார்; கதவு திறக்கவில்லை.

"உட்கார்ந்து அழ அவங்களுக்குன்னு ஒரு இடம் இருந்தது," என்றார் ஆயரிடம். "அதையும் நான் பறிச்சுட்டேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ?"

"தெரியல ஐயா," என்றார் ஆயர்.

நான்காவது ஞாயிறு அவள் வந்தாள். ஆராதனைக்குள் வரவில்லை. நேராகத் தோட்டத்துக்குப் போய் நின்றாள். இறுதிப் பாட்டு நடக்கும்போதே அதிசயம் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடினார்.

"வாத்தியார் இடம் எது?" என்று கேட்டாள்.

காட்டினார். இரண்டு இடங்களுக்கும் நடுவே செங்கல் பாவிய நடைபாதை போயிற்று. ஒரு ஆள் அகலம்தான். அவள் அந்தச் செங்கல்மேல் உட்கார்ந்தாள். ஒரு கையை இந்தப் பக்க மண்ணிலும் மறு கையை அந்தப் பக்க மண்ணிலும் வைத்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். பின்னாலிருக்கும் ஹாலுக்குப் போக அந்த ஒரு வழிதான். முன்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்தது. சபைச் செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டு அதிசயத்தின் தோளைத் தட்டினார்.

அதிசயம் ஆயரின் அறைக்குப் போனார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, அவங்க பாதையிலயே உட்கார்ந்திருக்காங்க. ஜனங்க போக வழியில்ல. செயலாளர் எழுப்பச் சொல்றார். எனக்கு மனசு வரல. என்ன செய்யட்டும்?"

ஆயர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"கடப்பாரை எங்க இருக்கு ஐயா?"

"ஷெட்டுல. எதுக்கும்மா?"

"பாதையை மாத்திப் போடுவோம்."