கிணற்றடிச் செடிக்குப் பெயர் வைத்தவர்

மலையடிவாரத்து மடத்தில் ஆவுடையப்பருக்கு அடுக்களை வேலை. குருவான நாச்சியாரம்மை வயதில் அவருக்கு மிகவும் இளையவள். ஆரம்பத்தில் அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது உண்மைதான். ஆனால் துக்கம் முற்றிய மனிதன் வயதைப் பார்த்தா குருவைத் தேடுகிறான்?

அவர் மனைவி வடிவு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவர் வியாபார விஷயமாக வெளியூரில் இருந்தார். கடைசியில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாளாம். அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு சொல் அவரைத் தூங்கவிடவில்லை. வீட்டை விட்டு வந்துவிட்டார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கீரையைக் கிள்ளினாலும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'பொறுத்துக்கொள்' என்று கேட்டுவிட்டுத்தான் கிள்ள வேண்டும். கிணற்றடிச் செடி ஒன்றை மட்டும் வாய் திறக்காமல் கிள்ள வேண்டும். அதற்குப் பெயர் கிடையாது.

"மத்ததுக்கெல்லாம் யாரும்மா பேர் வச்சா?" என்று ஒருநாள் கேட்டார் ஆவுடையப்பர்.

"அவனவன் தேவைக்கு அவனவன் வச்சான். கைகால் முடங்கிக் கெடந்தவன் தின்னுட்டு எந்திரிச்சான், முடக்கத்தான்னு வச்சான்."

"கறிவேப்பிலை?"

"வச்சவனுக்கு வேப்பிலைதான் முன்னமே பழக்கம். புதுசா ஒரு இலையப் பாத்ததும் அதுதான் ஞாபகம் வந்துருக்கு."

"வேம்பு மாதிரி இது கசக்காதே?"

"பேர் வச்ச பொறவு யாரு கடிச்சுப் பாக்கா? போய் அடுப்பப் பாரும்."

மறுநாள் உச்சி வெயிலில் கிணற்றடிக்குப் போனார். ஆள் நடமாட்டமே இல்லை. என்ன தோன்றியதோ, செடியின் முன்னால் குனிந்து, "வடிவு, பொறுத்துக்கோ" என்றார்.

"வந்துட்டீங்களா? கால் கழுவிட்டு வாங்க" என்றது செடி.

அவளுடைய குரலேதான். கையிலிருந்த இலை, விரலைப் பிடித்தாற்போல் வெதுவெதுப்பாக இருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கிள்ளாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

அன்றிலிருந்து மனிதர் அங்கேயே பழியாகக் கிடந்தார். "வெயில்ல நிக்காதீங்க" என்றது. "மோர் கலக்கி வச்சிருக்கேன்" என்றது. வடிவு என்னென்ன சொல்வாளோ அத்தனையும் சொன்னது. அடுப்பு எரியவில்லை. மடத்தில் இருந்தவர்கள் வயிறு காய்ந்தார்கள். அவரும் எலும்பும் தோலுமாகிவிட்டார்.

ஒரு மத்தியானம் நாச்சியாரம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொல்லுதா?"

அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படாததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"எல்லாம் சொல்லுதா. கடைசியா சொல்ல வந்தத மட்டும் சொல்லல."

"கேட்டீரா?"

"கேக்கப் பயமா இருக்கும்மா."

"கேளும்."

ஆவுடையப்பர் செடிக்கு முன் மண்டியிட்டார். "வடிவு, அன்னைக்கு என்ன சொல்ல வந்தே?"

காற்று துளிகூட இல்லை. இலைகள் மட்டும் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. செடி பேசியது. இந்தத் தடவை வடிவின் குரல் இல்லை, அவருடைய குரல்.

"வடிவு, அன்னைக்கு என்ன சொல்ல வந்தே?"

அதே கெஞ்சல்.

அவர் வாய்விட்டு அழுதார். அம்மை அழவிட்டாள். அழுகை ஓய்ந்தபின் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களும் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"யார?"

"எம் பிள்ளைய. பால் கேட்டான். நானும் இங்கனயேதான் கெடந்தேன்."

"பொறவு எப்படி எந்திரிச்சீங்க?"

"உள்ள இருக்கவங்க பசின்னாங்க. கிள்ளினேன்."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

நாச்சியாரம்மை கிணற்றடியிலிருந்த கூடையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"கிள்ளக் கிள்ள அம்மா அம்மான்னுதான் கூப்பிட்டான்" என்றாள். "கூடை நெறையிற வரைக்கும் கிள்ளினேன்."