கணவாய்ச் சாவடியின் குத்தூசி

மலைக் கணவாயில் இருந்த சுங்கச் சாவடிக்கு நல்லசிவம் அதிகாரி. கை சுத்தமான மனிதர். ஒரு வெற்றிலைகூட யாரிடமும் வாங்கியதில்லை. யாரையும் நம்பியதும் இல்லை. வருகிற மூட்டை ஒவ்வொன்றையும் குத்தூசியால் குத்தி, உள்ளே இருப்பதை உருவிப் பார்த்துத்தான் விடுவார். அந்த ஓட்டைகள் வழியாக மிளகு வழிநெடுகச் சிந்திக்கொண்டே போகும்.

பொறுத்துப் பார்த்த வியாபாரிகள், பொதிமாடுகளை யானைக்காட்டு வழியாக ஓட்டிப்போக ஆரம்பித்தார்கள். யானை தேவலாம் என்று ஆகிவிட்டது அவர்களுக்கு.

சாவடி வெறிச்சோடியது. நல்லசிவம் தானே சமைத்து, தானே ருசி பார்த்து, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். தனிமை மனிதரைத் தின்றது. தை பிறப்பதற்குள் வியாபாரிகள் திரும்பாவிட்டால் சாவடியை மூடிவிடுவதாக அரண்மனை ஆள் வேறு வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அடிவாரத்து மடத்தில் அவருடைய குரு இருந்தார். நல்லசிவம் ஒரு சீப்பு மலைப்பழத்தோடு இறங்கிப் போய், எல்லாவற்றையும் சொன்னார்.

குரு அவர் இடுப்பைக் காட்டினார். "அந்தக் குத்தூசியக் கொடு."

வாங்கி, பழங்களை ஒவ்வொன்றாகக் குத்தினார்.

"என்ன சாமி, என் மேலயே சந்தேகமா?"

"உன் மேல என்ன சந்தேகம்? போன அமாவாசைக்கு ஒருத்தன் அழுகினதக் கொண்டாந்தான்."

கடைசிப் பழத்தையும் குத்திவிட்டு, சீப்பை அவர் பக்கம் நகர்த்தினார். "நல்ல பழம்தான். சாப்பிடு."

நல்லசிவத்துக்கு மனம் வரவில்லை.

"புரியுது சாமி. ஆனா குத்தாம விட்டா ஏமாத்துறாங்களே. மிளகுக்குள்ள தந்தத்த வச்சுக் கடத்தியிருக்காங்க."

"இத்தன வருஷமாக் குத்துறியே, ஒரு தடவகூடக் குத்தம் வராத மூட்ட யாரோடது?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "கனி ராவுத்தரோடது. தூரத்துல அவரு மாட்டு மணி கேட்டாலே எனக்கு மனசு லேசாயிரும்."

"அவரு மூட்டையையும் குத்துவியா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான. கடைசியா வந்தப்ப, 'இன்னைக்கு ஒரு நாள் குத்தாம விடுங்களேன் ஐயா'ன்னு கேட்டாரு. குத்தினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவரும் வரல."

குரு குத்தூசியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"அவரு மாட்டு மணி கேட்டா மனசு லேசாகும்னியே, அத அவர்கிட்ட எப்பவாச்சும் சொன்னியா?"