வெள்ளம் தொட்ட ஊர்

முன்னொரு காலத்தில், ஒரு சொல்லுக்குப் பயந்த அரசன் ஒருவன் இருந்தான். வாளுக்கு அவன் பயந்ததில்லை. ‘பாதித்தது’ என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் எழுந்து உள்ளே ஓடிவிடுவான்.

காரணம் அற்பமானது. ஒரு நாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோட்டக்காரன் வந்து, பனி மல்லிகைக் கொடிகளைப் பாதித்துவிட்டது என்றான். அந்த நேரம் பார்த்து அரசன் தொண்டையில் மீன் முள் சிக்கியது. வைத்தியர் முள்ளை எடுத்துவிட்டார். பழி மட்டும் சொல்லின் மேல் விழுந்தது.

அவைப்புலவர் மங்கலேசர் இதை விட்டுவைப்பாரா? விளக்கை அணை என்று யாரும் சொல்வதில்லை, குளிர வை என்கிறோம்; போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்கிறோம்; அரண்மனைக்கு வரும் செய்தி மட்டும் ஏன் அமங்கலமாக இருக்க வேண்டும் என்று கேட்டார். அரசனுக்கு அது பிடித்துப் போயிற்று. அன்றே ஆணை பிறந்தது. பாதித்தது மட்டுமல்ல, அதன் உற்றார் உறவினரான அழித்தது, கெடுத்தது, சிதைத்தது, வாட்டியது, தாக்கியது எல்லாமே தள்ளுபடி. இனி எது எதை என்ன செய்தாலும் ‘தொட்டது’ என்றே சொல்ல வேண்டும். மீறுகிறவரின் நாக்குக்கு நிரந்தர ஓய்வு தரப்படும். அறுப்பது என்பதும் அமங்கலமாயிற்றே.

அதன்பிறகு வறட்சி தெற்குச் சீமையைத் தொட்டது. அம்மை வடக்குத் தெருக்களைத் தொட்டது. புலி ஆட்டுக் கிடையைத் தொட்டது. கேட்கக் கேட்க, தன் நாட்டை யாரோ ஓயாமல் தடவிக்கொடுப்பது போல அரசனுக்கு இருந்தது.

இதில் ஒரு சிக்கல். அரசுக் களஞ்சியத்தைப் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு மட்டுமே திறக்கலாம் என்பது பழைய சட்டம். சொல்லே இல்லாத நாட்டில் அப்படிப்பட்ட ஊர் ஏது? கதவு திறக்கவேயில்லை. அதன் சாவி மங்கலேசரின் இடுப்பில் தொங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆடியில் ஆற்றங்கரை உடைந்து ஆலங்கரை என்ற ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. வீடுகள் போயின, மாடுகள் போயின, குதிரோடு விதைநெல்லும் போயிற்று. ஆவணிக்குள் நாற்று விடாவிட்டால் மிஞ்சியவர்களுக்கும் அந்த ஆண்டு சோறு கிடையாது. ஊர்க்காரர்கள் திரண்டு அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் சார்பில் பேச வெள்ளைச்சி என்ற குடியானவப் பெண் உள்ளே வந்தாள். மாடுகளை அவிழ்த்துவிடப் போன அவள் மகன் சடையன் திரும்பி வரவில்லை. அவள் எதற்கும் பயப்படமாட்டாள் என்றுதான் ஊர் அவளை அனுப்பியிருந்தது.

மங்கலேசர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தேன் வழியும் குரலில் கேட்டார்.

“அம்மா, வெள்ளம் உங்கள் ஊரை என்ன செய்தது? உன் வாயாலேயே அரசரிடம் சொல்.”

“என்னத்தச் சொல்ல சாமி. ஊரையே அழி...”

“தொட்டது” என்றது ஒரு குரல்.

சேந்தன்தான். அரசனைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அரசனுக்கு அழக் காரணமே இல்லாத அந்த நாட்களில் அது பெரிய வேலையாகவும் இல்லை. வாசலில் நின்ற ஊர்க்காரர்களிடம் நடந்ததையெல்லாம் முன்பே கேட்டிருந்த அவன், இரண்டே எட்டில் அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். கிராமத்துப் பேச்சு அவைக்கு விளங்காது, நானே எடுத்துச் சொல்கிறேன் என்றான். வெள்ளம் ஆலங்கரையைத் தொட்டது; வீடுகளைத் தொட்டது; விதைநெல்லைத் தொட்டது. கொஞ்சம் நிறுத்தி, இவள் மகனையும் தொட்டது என்றான். பின்னால் நின்றவளின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

மங்கலேசருக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆனாலும் அவர் தளரவில்லை. தொட்டதோடு சரி என்றால் களஞ்சியத்தைத் திறக்கச் சட்டத்தில் இடமில்லையே என்றார். அரசனும் ஆமாம் என்று தலையசைத்தான்.

“உண்மைதான் அரசே” என்றான் சேந்தன். “இவர்கள் நெல் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. வெள்ளம் இவர்கள் ஊரைத் தொட்டது போல, இவர்களும் அரசரின் களஞ்சியத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் போகட்டும்.”

“தொட்டுக் கும்பிடவா? அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான், அரசே.”

அரசன் மனம் குளிர்ந்து சம்மதித்தான். வெள்ளம் ஆலங்கரையைத் தொட்டது போலவே ஆலங்கரையார் களஞ்சியத்தைத் தொடலாம் என்று அவையறியச் சொன்னான். மங்கலேசர் புன்னகையோடு சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். கும்பிட்டால் நெல் குறையுமா என்ன?

சேந்தன் பிடித்துக் கொடுத்த வாடகை வண்டிகளோடு ஆலங்கரையார் வந்தபோது, களஞ்சிய வாசலில் காவலாளி ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். தொடத்தானே உத்தரவு, வண்டிகள் எதற்கு என்று கேட்டான்.

“ஆலங்கரையை வெள்ளம் எப்படித் தொட்டதோ, அப்படித் தொட உத்தரவு” என்றான் சேந்தன். “எப்படித் தொட்டது என்று உனக்குத் தெரியுமா?”

காவலாளியின் ஊர் ஆற்றின் கீழ்க்கரையில் இருந்தது. மிதந்து வந்ததையெல்லாம் அவன் பார்த்திருந்தான். ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதல் மூட்டைக்கு அவனே கைகொடுத்தான்.

பொழுது சாய்வதற்குள் செய்தி மங்கலேசருக்குப் போயிற்று. மேலாடை நழுவ அவைக்கு ஓடினார். அரசன் தாம்பூலம் மென்றுகொண்டிருந்தான்.

“அரசே, ஆலங்கரையார் களஞ்சியத்தைக் கொள்...” என்று தொடங்கியவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். “தொட்டுவிட்டார்கள்.”

“நல்லது. நான்தானே சொன்னேன்.”

“நன்றாகத் தொட்டுவிட்டார்கள், அரசே.”

“பக்தியுள்ள ஜனங்கள்.”

“முழுவதையும் தொட்டுவிட்டார்கள். மூலை முடுக்கெல்லாம் தொட்டுவிட்டார்கள். தரையில் ஒரு மணி தொடாமல் இல்லை.”

“அதற்கு ஏன் இப்படி வியர்க்கிறது உமக்கு?”

மங்கலேசர் விழித்தார். தாமே துரத்திய சொற்கள் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. ஒன்றையாவது வெளியே விட்டால் நாக்குக்கு ஓய்வு. கடைசியில் தரையைச் சுட்டிக் காட்டினார், வயிற்றில் அடித்துக்கொண்டார், இரண்டு கைகளையும் விரித்து ஒன்றுமில்லை என்று காட்டினார். அரசன் அதைக் கூத்து என்று நினைத்து ரசித்தான். பிறகுதான் ஏதோ உறைத்து, பல்லக்கில் ஏறிக் களஞ்சியத்துக்குப் போனான்.

உள்ளே பெருக்கி வைத்தது போல வெறும் தரை. ஒரு எலி ஏமாந்து சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் கைகட்டி நின்ற சேந்தனை அரசன் முறைத்தான்.

“இது என்ன?”

“தொட்டது, அரசே. ஆலங்கரைக்குப் போனால் இதே காட்சியைப் பெரிதாகப் பார்க்கலாம்.”

அரசன் காலித் தரையைப் பார்த்தான். கையை விரித்தபடியே நின்ற மங்கலேசரைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். இவ்வளவு நாட்களில் இப்படிச் சிரித்ததில்லை என்று கழுத்து முத்து மாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டான். நெல் போனது போகட்டும் என்றான். மங்கலேசரும் சுதாரித்துக்கொண்டார். ‘தொட்டது’ ஆபத்தான சொல்லாகிவிட்டது, அதையும் நீக்கிவிட்டு வேறொன்று தேடலாம் என்று யோசனை சொன்னார். நல்ல யோசனை என்று அரசன் உடனே ஒப்புக்கொண்டான். ஆலங்கரைக்கு ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.

வெளியே கடைசி வண்டி புறப்படக் காத்திருந்தது. சிரிப்புச் சத்தம் அங்கேயும் கேட்டது.

“எதுக்குச் சிரிக்காக?” என்று கேட்டாள் வெள்ளைச்சி.

சேந்தன் நடந்ததைச் சொன்னான். மங்கலேசர் வயிற்றில் அடித்துக்கொண்டதை நடித்தும் காட்டினான். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவள் மூட்டையின் வாயைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எம் மவன் சடையனையும் தொட்டதுன்னுதானே சபையில சொன்னீக?”

எந்த அவையிலும் பதிலுக்குத் தடுமாறாத சேந்தன் தலை குனிந்தான்.

“போகட்டும். வண்டி மேட்டுல ஏறணும், பின்னால ஒரு கை குடுங்க” என்றாள் அவள்.

முத்து மாலை மார்பில் இடிக்க, சேந்தன் வண்டியைத் தள்ளினான்.