காளான் தன் பச்சையை விட்ட கதை

அந்தக் காலத்தில் மரமும் புழுவும் சூரியனும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அப்போது காளானும் பச்சையாகத்தான் இருந்தது. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதற்கு இலைகூட உண்டு. மலையடிவாரக் காட்டில் ஒரு வேங்கை மரத்தின் கீழே, அகலமான இரண்டு இலைகளோடு அது நின்றுகொண்டிருந்தது.

அந்த இலைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வோர் அறையிலும் இரண்டு அடுப்புகள். பச்சை அடுப்பில் தண்ணீரையும் காற்றையும் போட்டு வெயிலை மூட்டினால் சர்க்கரை வரும். சிவப்பு அடுப்பு அந்தச் சர்க்கரையை மெல்ல மெல்ல எரித்து உடம்புக்குத் தெம்பு கொடுக்கும். செடி, கொடி, மரம் எல்லாவற்றுக்கும் இரண்டு அடுப்பும் உண்டு. மானுக்கும் கரையானுக்கும் சிவப்பு அடுப்பு மட்டும்தான். அதனால் அவை அடுத்தவர் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவரவர் அமைப்பு அப்படி.

ஆனால் மரங்களுக்கு அது பொறுக்கவில்லை. ஆக்குவது நாம், தின்பது இவர்களா என்று கூடிப் பேசி, தங்கள் தண்டுக்குள் வைரம் பாய்ச்சிக்கொண்டன. மான் கடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கரையான்களுக்குப் பல் போனதுதான் மிச்சம். மரங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இந்த யோசனையை முதலில் சொன்னதே வேங்கைதான்.

வைரம் பாய்ந்த மரமும் ஒருநாள் விழத்தானே வேண்டும்? அதை ஒருவரும் யோசிக்கவில்லை. விழுந்த மரம் விழுந்தபடியே கிடந்தது. மக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் சாய்ந்த மரம் நேற்றுச் சாய்ந்தது மாதிரி கிடந்தது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் வேறொன்று. மண்ணிலிருந்து உறிஞ்சிய சத்தெல்லாம் அந்தக் கட்டைகளுக்குள்ளேயே பூட்டிக்கொண்டது.

வேங்கைக்கு ஒரு கன்று இருந்தது. மூன்று மழைக்காலம் பார்த்தும் அது நான்கு இலைக்கு மேல் வளரவில்லை. இருந்த நான்கும் மஞ்சளாகத் தொடங்கின. வேங்கை பதறிப்போய்ச் சூரியனைக் கூப்பிட்டது.

“ஐயா, எம்புள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வெயில் குடுங்க.”

“வெயிலுக்கு என்னம்மா குறை? காலையிலேருந்து கொட்டுறேனே,” என்றது சூரியன். “ஆனா நான் குடுக்குறது வந்து வேலையச் செஞ்சுட்டு, சூடாப் போயிடும். போனது எங்கிட்டத் திரும்பாது. அதுக்குத்தான் தினமும் வர்றேன். மண்ணுல இருக்குற சத்து அப்படியில்ல. அது இருக்குறது அவ்வளவுதான். கை மாறிக் கை மாறித்தான் எல்லாரும் சாப்பிடணும். நீங்க அதைப் பூட்டி வச்சுட்டு எங்கிட்டக் கேட்டா நான் எங்கே போறது?”

வேங்கைக்கு முகம் செத்துவிட்டது. அடுத்து அது கரையானிடம் கெஞ்சியது.

“அண்ணே, இந்தக் கட்டைகளக் கொஞ்சம் அரிச்சுக் குடுங்க.”

“நல்லாக் கேட்டே போ,” என்றது கரையான். “வைரம் பாய்ச்சும்போது எங்களக் கேட்டா செஞ்சீங்க? கடிக்க முடிஞ்சா கடிக்க மாட்டோமா? முடியலியே தாயி.”

இதையெல்லாம் கீழே இருந்த காளான் கேட்டுக்கொண்டிருந்தது. மஞ்சளாகிக்கொண்டிருந்த கன்று அதன் பக்கத்திலேயே நின்றது. பொறுக்க முடியாமல் காளான் தன் வேர்நுனியைப் பக்கத்துக் கட்டைக்குள் விட்டுப் பார்த்தது. கட்டையின் துளைகள் மிகமிகச் சிறியவை. இரண்டு அடுப்பு வைத்த உடம்பு அதற்குள் நுழையவில்லை.

“அக்கா,” என்றது காளான், “நூல் மாதிரி மெலிஞ்சா உள்ளே போயிடலாம். ஆனா ரெண்டு அடுப்பையும் தூக்கிட்டுப் போக முடியாது. உள்ளே இருட்டு, அங்கே பச்சை அடுப்பு எதுக்கு? அதை விட்டுட்டுப் போறேன்.”

“பைத்தியமா உனக்கு?” என்றது வேங்கை. “விட்டுட்டா அப்புறம் திரும்பி வராதுடி. நீ சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?”

“கட்டையத் தின்னுக்குறேன்.”

“கட்டை தீந்துட்டா?”

“புள்ள தாங்காதுக்கா,” என்று மட்டும் சொன்னது காளான்.

அன்று உச்சிவெயிலில் அது தன் பச்சை அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தது. இலை வெளுத்தது, சுருண்டது, உதிர்ந்தது. மிச்சமிருந்த உடம்பு வெள்ளை வெள்ளையான நூல்களாகப் பிரிந்து கட்டைக்குள் இறங்கியது. வயிற்றுக்குள் செரிக்க வேண்டியதை வெளியிலேயே செரிக்க அதற்குத் தெரிந்திருந்தது. தன் சாற்றைக் கட்டையின்மேல் கசியவிட்டு, வைரத்தைக் கரைத்து, கரைந்ததைக் குடித்தது. யானையால் அசைக்க முடியாததை ஒரு நூல் தின்றது. எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடம் வந்தால் எனக்குக் காளானைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. சொந்த அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக இருட்டுக்குள் போக யாருக்கு மனம் வரும்?

இரண்டு மழைக்காலம் கழிந்தது. கட்டை பஞ்சு மாதிரி இளகியது. இப்போது கடிக்க முடிந்ததால் கரையான் கூட்டத்தோடு வந்து, காளான் மிச்சம் வைத்ததைச் சுமந்து போய் மண்ணில் கலந்தது. கட்டை கிடந்த இடமெல்லாம் மண் கறுத்தது. மூன்றாவது மழையில் வேங்கைக் கன்றின் உச்சியில் ஐந்தாவது இலை விட்டது.

வேங்கை அழுதது. தன் வேரைக் காளானின் நூல்களுக்குள் நீட்டி, “கட்டை தீந்தாலும் நீ பட்டினி கிடக்கக் கூடாது. என் பச்சை அடுப்புல ஆகுறதுல உனக்கும் பங்கு உண்டு. இந்த வேர்லயே எடுத்துக்கோ,” என்றது.

“எடுத்துக்குறேன்க்கா. ஆனா ஒண்ணு சொல்லணும், தப்பா நினைக்காதே.” காளான் தயங்கியது. “நீயும் ஒருநாள் விழுவே. அன்னிக்கு உன்னையும் நான் திங்க வேண்டி வரும்.”

வேங்கை தன் கன்றைப் பார்த்தது.

“தின்னு,” என்றது. “தின்னுட்டு எம்புள்ள காலடியில போடு.”

அன்று முதல்தான் காளானுக்கு இலையும் இல்லை, பச்சையும் இல்லை. மண்ணுக்குள் நூலாக ஓடி மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மழை பெய்தால் மட்டும் நாலு நாள் வெளியே வந்து தலை காட்டுகிறது. காட்டில் ஒரு பெரிய மரம் விழுந்து மக்கிய இடத்தில் அதன் கன்று செழித்து நிற்பதைப் பார்த்தால், தாய் அதற்கு இன்னும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.