சந்தன சோப்பு மணத்த மகிழமரம்

மகிழமரத்தடியில் கொட்டிக்கிடந்த பழுத்த இலைகளைத் தோட்டக்காரி அங்காயி பதறிப்பதறிக் கூட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவள் முதலாளி அம்பலகாரர் தன் சம்பந்தியோடு வந்துவிட்டார்.

"வருசமெல்லாம் பச்சையா நிக்கிற மரம். தண்ணி ஊத்தாமக் கொல்லுறா!" என்று சம்பந்தியிடம் பொரிந்த அம்பலகாரர் அவள் பக்கம் திரும்பினார். "இன்னையோட உனக்கு வேலையில்ல."

"வாரம் ஒருக்கா, தூரை விட்டுத் தள்ளித்தான் ஊத்துறேன் ஐயா. அதுவே அதுக்குப் போதும். வேணும்னா தூர்ல கைய விட்டுப் பாருங்க."

விட்டார். மணிக்கட்டு வரை சேறு. சம்பந்தி குனிந்து மோந்தார்.

"சந்தன சோப்பு! சம்பந்தி, இது உங்க வாசமில்ல?"

அம்பலகாரர் சேற்றுக்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். சீக்கிரம் பூக்கட்டுமென்று தான் குளித்த தண்ணீரை வாய்க்கால் வெட்டி மரத்துக்குத் திருப்பிவிட்டவர் அவர்தான்.

"என் வீட்டுல சீயக்காதான் ஐயா," என்றாள் அங்காயி. "அந்த வாய்க்காலை அடைச்சா மரமும் பிழைக்கும், என் பொழப்பும்..."

சன்னலிலிருந்து அம்பலகாரர் பெண்சாதி கத்தினாள்: "அங்காயி! மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடியா, வாய்க்காலை அடைக்கணும்!"